கெமிக்கல் டேங்கர்ல முதல் தடவை ஏறப் போறேன், எதுக்கு முதல்ல பயப்படணும்?

தேர்ட்_ஆபீசர்_புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் பல்க் கேரியர்லதான் இருந்தேன். இப்போ தேர்ட் ஆபீசரா ஒரு கெமிக்கல் டேங்கர்ல ஏறப் போறேன். பேசிக் டேங்கர் கோர்ஸ் முடிச்சாச்சு, சர்டிபிகேட்டும் கையில இருக்கு. கிளாஸ்ல கேட்டதுக்கும் டெக்குல நடக்கறதுக்கும் தூரம் இருக்கும்னு தெரியும். அதான் டேங்கர்லயே இருக்கறவங்களைக் கேக்கறேன்.

லோடிங் ஆரம்பிக்கும்போது வேகம் நொடிக்கு 1 மீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா டெர்மினல்காரங்க மணிக்கு இத்தனை கன மீட்டர்னுதான் பேசுவாங்களாமே? மேனிஃபோல்டுல (கரை ஹோஸைக் கப்பல் பைப்போட இணைக்கற இடம்) நிக்கிறவன் இதை எப்படிப் பொருத்திப் பாக்கறது?

அடுத்த வாயேஜ்ல ஸ்டைரீன் (பிளாஸ்டிக் தயாரிக்கற திரவம்) இருக்குன்னு இப்போ அந்தக் கப்பல்ல இருக்கற பையன் சொன்னான். அதுல தனியா என்ன கவனிக்கணும்?

சட்டையில மாட்டிக்கிற கேஸ் மீட்டரை நம்பலாமா?

கடைசியா ஒண்ணு. லோடிங், டிஸ்சார்ஜ் ரெண்டுல எது அதிக ஆபத்து?

ட்ரை_கார்கோ_ஆளு:

ரொம்ப யோசிக்காதீங்க ப்ரோ. டேங்கர்ல எல்லாத்துக்கும் செக்லிஸ்ட் இருக்கு. அதை ஒழுங்கா டிக் அடிச்சு, சீஃப் ஆபீசர் சொல்றதைக் கேட்டு நடந்தா போதும். சொல்லப்போனா பல்க் கேரியரை விட டேங்கர்ல சேஃப்டி ஜாஸ்தி.

பழைய_சீஃப்மேட்:

தம்பி, உன் கடைசிக் கேள்வியில இருந்து ஆரம்பிக்கறேன். லோடிங்கை விட, டிஸ்சார்ஜை விட, காலியான டேங்குக்குத்தான் நீ முதல்ல பயப்படணும்.

லோடிங் நடக்கும்போது கப்பலே முழிச்சுக்கிட்டு இருக்கும். மேனிஃபோல்டுல ஆள், கண்ட்ரோல் ரூம்ல ஆள், கரையில ஆள், எல்லார் கையிலயும் ரேடியோ. டிஸ்சார்ஜ் முடிஞ்சு ஹோஸ் கழட்டி கடலுக்குள்ள வந்ததும் எல்லாரும் "அப்பாடா, கார்கோ போயிடுச்சு"ன்னு உக்காருவான். போனது திரவம் மட்டும்தான். சுவத்துல ஒட்டினது, பம்ப் வெல்லுல தேங்கினது, அதுல இருந்து கிளம்புற ஆவி எல்லாம் உள்ளதான் இருக்கு. போதாததுக்கு டிஸ்சார்ஜ் பண்ணும்போது இன்னர்ட் கேஸ் (ஆக்சிஜன் குறைஞ்ச, எரிய விடாத கேஸ்) கொடுக்கலைன்னா, இறங்கின திரவத்தோட இடத்துல பிவி வால்வு (டேங்க் அழுத்தத்தைச் சமன் பண்ற வால்வு) வழியா வெளிக்காத்து ஏறியிருக்கும். ஹைட்ரோகார்பன் ஆவி காத்துல சுமார் 1 சதவீதத்துல இருந்து 10 சதவீதம் வரைக்கும் இருந்தா பத்திக்கும். நிறைஞ்ச டேங்க்ல மேல இருக்கற கொஞ்ச இடத்துல ஆவி அதுக்கு மேல செறிவா இருக்க வாய்ப்பு உண்டு. காலி டேங்க்ல அது நேரா அந்த வரம்புக்குள்ளயே வந்து நிக்கலாம்.

1969 டிசம்பர்ல மார்பெஸ்ஸா, மாக்ட்ரா, கிங் ஹாகோன் ஏழுன்னு மூணு ராட்சச க்ரூட் டேங்கர்கள் ஒரே மாசத்துக்குள்ள வெடிச்சது. மூணுலயும் கார்கோ இல்ல. மூணுமே பாலஸ்ட்ல (கார்கோவுக்குப் பதிலாத் தண்ணி ஏத்திக்கிட்டு) போய்க்கிட்டே டேங்க் கழுவிக்கிட்டு இருந்த கப்பல்கள். மார்பெஸ்ஸா மூழ்கியே போச்சு. பெரிய வாஷிங் மெஷின் பீச்சுற தண்ணி தெறிச்சுப் பனி மாதிரி ஆகும்போது அதுலயே மின்னேற்றம் சேருதுன்னு அதுக்கப்புறம் நடந்த ஆராய்ச்சியிலதான் தெளிவாச்சு. இன்னிக்கு டேங்கர்ல இன்னர்ட் கேஸ் கட்டாயமா இருக்குன்னா அந்த மூணு கப்பலுக்கு அதுல பெரிய பங்கு உண்டு. டேங்குக்குள்ள ஆக்சிஜனை 8 சதவீதத்துக்குக் கீழ வைச்சா ஆவி எவ்வளவு இருந்தாலும் பத்திக்காது. முன்னாடி 20,000 டன் டெட்வெயிட்டும் அதுக்கு மேலயும்னு இருந்த விதியை, 2016 ஜனவரியில இருந்து புதுசாக் கட்டுற கப்பல்களுக்கு 8,000 டன்னாக் குறைச்சாங்க.

கெமிக்கல் டேங்கர்தானே நமக்கு, அதையும் சொல்றேன். 2004 பிப்ரவரி 28, போ மரைனர், அமெரிக்காவோட வர்ஜீனியா கடற்கரைக்கு வெளியே. எத்தனால் ஏத்திக்கிட்டுப் போன கப்பல், எத்தனாலால வெடிக்கலை. அதுக்கு முன்னாடி எம்டிபிஇ (பெட்ரோல்ல கலக்கற ரசாயனம்) இறக்கின காலி டேங்குகளை இன்னர்ட் பண்ணாம, கேஸ் ஃப்ரீயும் பண்ணாம (ஆவியை வெளியேத்தாம), கிளீனிங்குக்காகத் திறந்து விட்டிருந்தாங்க. எம்டிபிஇ ஆவி காத்தை விடக் கனம். டெக்குலயே படிஞ்சு கிடக்கும், மேல கலைஞ்சு போகாது. கப்பல்ல இருந்த 27 பேர்ல உயிரோட வந்தது 6 பேர்.

அதனால வரிசையை மனசுல வை. இன்னர்ட் பண்ணின டேங்கைக் கேஸ் ஃப்ரீ பண்ணணும்னா, நேராக் காத்தை விடக் கூடாது. முதல்ல இன்னர்ட் கேஸாலயே பர்ஜ் பண்ணி (ஆவியை வெளியே தள்ளி) ஹைட்ரோகார்பனை 2 சதவீதத்துக்குக் கீழ கொண்டு வா. அப்புறம் காத்து. அப்போதான் ஆக்சிஜன் ஏற ஏற, பத்துற வரம்பைத் தொடாமலே தாண்டிப் போகும். இதை அளக்கற மீட்டர்லயும் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண எக்ஸ்ப்ளோசிமீட்டர் உள்ள இருக்கற சூடான கம்பியில ஆவியை எரிச்சுப் பாத்துத்தான் அளக்குது. ஆக்சிஜன் இல்லாத டேங்க்ல அதால எரிக்கவே முடியாது. டேங்க் பூரா ஆவி இருந்தும் ஊசி சைபர் கிட்ட நிக்கும். இன்னர்ட் டேங்குக்கு, ஆக்சிஜன் இல்லாமலே அளக்கற டேங்க்ஸ்கோப், இல்லைன்னா இன்ஃப்ராரெட் மீட்டர்தான். எந்த மீட்டர் எங்கன்னு மாத்தி எடுத்துக்கிட்டுப் போற புதுப் பசங்களை நிறையப் பாத்திருக்கேன்.

உன் முதல் கேள்வி. நொடிக்கு 1 மீட்டர்ங்கறது டேங்குக்குள்ள திறக்கற பைப்போட வாயில இருக்க வேண்டிய வேகம், மேனிஃபோல்டுல இல்ல. 8 இஞ்ச் பைப்புன்னா மணிக்குச் சுமார் 115 கன மீட்டர். 6 இஞ்ச்னா 65 கிட்ட வரும். 10 இஞ்ச்னா 180 கிட்ட வரும். குறுக்குவெட்டுப் பரப்பை 3,600 ஆல பெருக்கினா நீயே போட்டுக்கலாம். டெர்மினல்காரன் "300 ஆரம்பிக்கறேன்"னு சொன்னா, எத்தனை டேங்க் திறந்திருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ட்ராப் லைன் (டேங்குக்குள்ள இறங்கற பைப்) எத்தனை இஞ்ச்னு கேட்டுப் பிரிச்சுப் பாரு. மூணு டேங்க் 8 இஞ்ச்ல திறந்திருந்தா சரி. ஒண்ணுதான் திறந்திருக்குன்னா 300 ரொம்ப அதிகம். பைப் வாய் முங்கி, அடியில தெறிக்கறது அடங்கற வரைக்கும் இந்த வேகம்தான். அப்புறம் ஏத்தலாம், அதுவும் ஸ்டாட்டிக் (நிலைமின்னேற்றம்) சேக்கற கார்கோன்னா நொடிக்கு 7 மீட்டருக்குள்ள. டொலுயீன், சைலீன், நாப்தா, பெட்ரோல், ஜெட் எரிபொருள் எல்லாம் அந்த ரகம். மெத்தனால், எத்தனால் மின்சாரத்தைக் கடத்திடும், அதுல இந்தத் தொல்லை குறைவு.

லோடிங் முடிஞ்ச கையோட அல்லேஜ் (திரவத்துக்கு மேல இருக்கற காலி உயரம்) எடுக்க ஓடாதே. ஸ்டாட்டிக் கார்கோல 30 நிமிஷம் விட்டுத்தான் உலோகத்தால ஆன எதையும் உள்ள இறக்கணும். டேங்க் அடி வரைக்கும் போற சவுண்டிங் பைப் இருந்தா மட்டும் விலக்கு. யுடிஐயை (அளவும் வெப்பநிலையும் பாக்கற டேப் கருவி) வேப்பர் லாக்ல (ஆவி வெளிய வராம அளக்கற வால்வு வாய்) முழுசா முடுக்கு. எர்த் க்ளிப் தனியா இருக்கற மாடல்னா அதை முதல்ல மாட்டு, பெயிண்ட் இல்லாத இரும்புல. அதுக்கப்புறம்தான் கீழ வால்வைத் திற, டேப்பை இறக்கு. எடுக்கும்போது இதுக்கு நேர் எதிர். டேப் முழுசா மேல வந்துடுச்சா, வால்வு மூடிடுச்சா, அப்புறம்தான் எர்த்துல கை வைக்கணும். இந்த வரிசையைக் குளிர்ல, மழையில, ராத்திரி மூணு மணிக்கும் மாத்தாத ஆளைத்தான் நான் வாட்ச்ல நம்புவேன்.

மீட்டர் விஷயம். சட்டையில மாட்டறது பெரும்பாலும் ஆக்சிஜன், எல்இஎல் (பத்துற கீழ் வரம்புல எத்தனை சதவீதம்), கார்பன் மோனாக்சைடு, எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு விஷ வாயு) நாலையும் காட்டும். எச்2எஸ்ஸுக்கு நல்ல துணை. அழுகின முட்டை வாசனையை நம்பாதே. சுமார் 100 பிபிஎம்ல (பத்து லட்சத்துல 100 பங்கு) மூக்கு மரத்துப் போயிடும். வாசனை நின்னா கேஸ் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ஆனா பென்சீனுக்கு இந்த மீட்டரால பிரயோஜனம் இல்ல. கணக்கைப் பாரு. பென்சீனோட கீழ் வரம்பு காத்துல 1.2 சதவீதம், அதாவது 12,000 பிபிஎம். மீட்டர் எல்இஎல் 1 சதவீதம்னு காட்டினா உள்ள 120 பிபிஎம் இருக்கு. எட்டு மணி நேர வேலைக்குப் பரவலா வெச்சிருக்கற அளவு 1 பிபிஎம். மீட்டர் சைபர் காட்டும்போதே பென்சீன் அந்த அளவைப் பல மடங்கு தாண்டியிருக்கலாம். கெமிக்கல் ட்யூப் வெச்சு அளக்கணும். மாஸ்க் ஃபில்டரும் எல்லாத்துக்கும் ஒண்ணு கிடையாது, ஆக்சிஜன் குறைஞ்ச இடத்துல எந்த ஃபில்டரும் காப்பாத்தாது.

ஸ்டைரீனுக்குச் சாப்பிட்டுட்டு வந்து எழுதறேன். அது தனிக் கதை.

மேல செக்லிஸ்ட் பத்திச் சொன்ன தம்பிக்கு ஒண்ணு. செக்லிஸ்ட் வேணாம்னு நான் சொல்லலை. ஸ்கப்பர் ப்ளக் (டெக் வடிகால் அடைப்பு) போட்டாச்சான்னு கேட்டா டெக்குக்குப் போய்ப் பாத்துட்டு வந்து டிக் அடிக்கணும். கண்ட்ரோல் ரூம்ல ஏசியில உக்காந்துக்கிட்டே பூரா பக்கமும் டிக் அடிச்ச லிஸ்ட் எத்தனையோ என் மேஜைக்கு வந்திருக்கு. எல்லாத்தையும் திருப்பி அனுப்பினேன்.

பம்ப்மேன்:

மேட் சார் சொன்னது எல்லாம் ஆபீசர் பக்கம். ஹோஸ் கிட்ட நிக்கிற எங்க பக்கம் கொஞ்சம் சொல்றேன் தம்பி.

ஹோஸ் கழட்டும்போதுதான் கையில, முகத்துல வாங்கறது. பிரஷர் கேஜ் சைபர் காட்டுதேன்னு நம்பி ஃப்ளாஞ்சைத் திறந்துடாதீங்க. ட்ரெய்ன் காக்கைத் திறந்து எதுவும் வரலைன்னு கண்ணால பாக்கணும். சில கார்கோல ட்ரெய்னே அடைச்சுக்கும், அப்போ எதுவும் வராது, ஆனா லைன் நிறைஞ்சுதான் இருக்கும். போல்ட்டைத் தளர்த்தும்போது உங்க பக்கத்துல இருக்கறதை முதல்ல தொடாதீங்க. எதிர்ப்பக்கம், கீழ இருக்கறதைத் தளர்த்தி, மத்த போல்ட் எல்லாம் இடத்துலயே இருக்கணும். அடைச்சிருந்தது பீறிட்டா ட்ரிப் ட்ரேல விழும், உங்க மேல இல்ல. கண்ணாடி மட்டும் பத்தாது, ஆசிட், காஸ்டிக்னா ஃபேஸ் ஷீல்டும் கெமிக்கல் சூட்டும் போட்டே ஆகணும். ஷவர், ஐ வாஷ்ல தண்ணி வருதான்னு ஹோஸ் மாட்டறதுக்கு முன்னாடி நானே திறந்து பாப்பேன்.

கரையில இருந்து லைன் ப்ளோ பண்ணும்போது கவனம். கடைசியில வர்றது கார்கோ இல்ல, வெறும் காத்து, இல்லைன்னா நைட்ரஜன். அது டேங்குக்குள்ள ஒரே மூச்சுல வந்தா வென்ட்டுக்குத் தாங்காது, டேங்கே உப்பிடும். எத்தனை பிரஷர்ல, எவ்வளவு நேரம் ப்ளோ பண்ணுவாங்கன்னு முன்னாடியே எழுதி வாங்குங்க. அதுக்கு அல்லேஜ்ல இடமும் விட்டு வைங்க.

ஃப்ராமோ பம்ப்னா (டேங்குக்குள்ளயே இருக்கற ஹைட்ராலிக் பம்ப்) டிஸ்சார்ஜுக்கு முன்னாடியும் பின்னாடியும் காஃபர்டேம் (கார்கோவையும் ஹைட்ராலிக் ஆயிலையும் பிரிக்கற இடைவெளி) பர்ஜ் பண்ணுவோம். எக்ஸாஸ்ட் ட்ராப்புல எவ்வளவு வந்துச்சு, ஹைட்ராலிக் ஆயிலா கார்கோவான்னு நோட்டுல எழுதி வைப்பேன். அந்த நோட்டை வாரம் ஒரு தடவையாவது வாங்கிப் பாருங்க. எங்களுக்கும் ஒருத்தர் பாக்கறாருன்னு இருக்கும்.

பழைய_சீஃப்மேட்:

பம்ப்மேன் சொன்ன அந்த நோட்டை நிஜமாவே பாரு. எந்த சீல் கெட்டுப் போகப் போகுதுன்னு அது முன்கூட்டியே சொல்லும்.

இப்போ ஸ்டைரீன். கப்பல்ல ஐபிசி கோட் (IBC, கெமிக்கல் டேங்கருக்கான சர்வதேச விதிப் புத்தகம்) இருக்கும். 17-ஆம் அத்தியாயத்துல ஸ்டைரீன் வரியை எடு. ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு விஷயம். கடைசியில 'ஓ' கட்டத்துல 15.13னு போட்டிருக்கும். அப்படிப் போட்டிருந்தா அது தன்னைத்தானே கெட்டியாக்கிக்கிற கார்கோ, இன்ஹிபிட்டர் (கெட்டியாகாம தடுக்கற மருந்து) சேத்துத்தான் ஏத்தணும். லோடிங் டெர்மினல் ஒரு சர்டிபிகேட் தரணும். எந்த இன்ஹிபிட்டர், எவ்வளவு, எந்தத் தேதியில சேத்தாங்க, எத்தனை நாள் தாங்கும், எந்த வெப்பநிலை வரைக்கும், ஆக்சிஜன் வேணுமா வேணாமான்னு அதுல இருக்கணும். ஒரு கட்டம் காலியா இருந்தாலும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்காதே.

ஆக்சிஜன் விஷயத்துலதான் ஆட்கள் சறுக்கறாங்க. ஸ்டைரீனுக்குப் போடற டிபிசிங்கற இன்ஹிபிட்டர், ஆக்சிஜன் இருந்தாத்தான் வேலை செய்யும். நைட்ரஜன் எல்லாத்துக்கும் நல்லதுன்னு நினைச்சு மேல நைட்ரஜன் போர்த்தினா, இன்ஹிபிட்டரை நீயே முடக்கின மாதிரி. அதனால இந்த மாதிரிக் கார்கோவுக்கு லோடிங்குக்கு முன்னாடியோ வாயேஜ்லயோ இன்னர்ட் கேஸ் கொடுக்கக் கூடாது, டிஸ்சார்ஜ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடிதான் கொடுக்கணும்னு கோடே சொல்லுது.

வெப்பம் ரெண்டாவது எதிரி. 2019 செப்டம்பர் 28, ஸ்டோல்ட் குரோன்லாந்து, தென் கொரியாவுல உல்சான். கப்பல் கரையில கட்டியிருக்கும்போதே ஸ்டைரீன் டேங்க் வெடிச்சு, பக்கத்துல இருந்த உல்சான் பாலம் வரைக்கும் தீப்பந்து எழுந்தது. பிரிட்டனோட கடல் விபத்துப் புலனாய்வுக் குழு விசாரிச்சுச் சொன்னது இதுதான். அதே கப்பல்ல சூடாக்கி வெச்சிருந்த மத்த கார்கோவோட வெப்பம் ஸ்டைரீனுக்குப் போயிருக்கு. ஸ்டைரீனோட வெப்பநிலையை வழியில யாரும் கவனிக்கலை. உல்சான் வந்து சேர்றதுக்கு முன்னாடியே அது ஆபத்தான அளவை நெருங்கிட்டு இருந்திருக்கு.

அதனால வாட்ச்ல உனக்கு வேலை இது. ஸ்டைரீன் டேங்குக்குப் பக்கத்துல, மூலையில முட்டற டேங்கையும் சேத்து, எது சூடாகுதுன்னு ஸ்டோ பிளான்ல (எந்த டேங்க்ல எந்தக் கார்கோன்னு காட்டற படம்) பாரு. அதுக்கும் ஸ்டைரீனுக்கும் நடுவுல காலி டேங்க் ஒண்ணு இருந்தாக்கூட நம்பிடாதே, வெப்பம் டெக், பல்க்ஹெட் வழியாப் போகும். வெப்பநிலை சென்சார் காட்டற எண்ணைத் தினமும் எழுது. கார்கோ வெப்பநிலை கொஞ்சம் கொஞ்சமா ஏறுதுன்னா வெளி வெயிலைக் காரணம் சொல்லி விட்டுடாதே, உடனே என்னை மாதிரி ஆளை எழுப்பு. வென்ட், பிவி வால்வு, ஃப்ளேம் ஸ்க்ரீன்ல வெள்ளையாக் கெட்டியாப் படிஞ்சிருந்தா ஆவியே அங்க பாலிமர் ஆயிடுச்சுன்னு அர்த்தம். அடைச்ச வால்வு உனக்குத் தேவைப்படற நேரத்துல திறக்காது.

தேர்ட்_ஆபீசர்_புதுசு:

சார், பம்ப்மேன் அண்ணே, ரொம்ப நன்றி. குறிச்சு வெச்சுக்கிட்டேன். இன்னும் ஒண்ணு. லோடிங்குக்கு முன்னாடி வால் வாஷ் சர்வே இருக்கும்னு சொன்னாங்க. கப்பல் லேட்டா வந்தா சர்வேயர் சீக்கிரம் இறங்கணும்னு அவசரப்படுத்துவாராமே? தேர்ட் ஆபீசரால அங்க என்ன சொல்ல முடியும்?

லேப்_ஆளு:

நான் அந்தப் பக்கத்து ஆளு, டேங்க் இன்ஸ்பெக்ஷன் பண்றேன். சொல்லுங்க தம்பி, கண்டிப்பாச் சொல்லுங்க. பர்மிட் இல்லாம நாங்களும் இறங்கக் கூடாது. எனக்கு மேல இருந்து அழுத்தம் இருக்கறது உண்மைதான், அதுக்காக என் நுரையீரலைக் கொடுக்க மாட்டேன்.

வால் வாஷ்னா டேங்க் சுவத்துல மெத்தனால் ஊத்தி, வழியறதைப் பிடிச்சு, குளோரைடு, ஹைட்ரோகார்பன், நிறம் எல்லாம் பாப்போம். உங்களுக்குத் தெரிய வேண்டியது, ஒரு ஆள் உள்ள போய்ச் சுவரைத் தொட்டு வேலை பாக்கறான்ங்கறது. அந்த மெத்தனாலே ஒரு விஷ ஆவி, அதனால ஃபேன் ஓடணும். கிளீனிங்குல தப்பு பண்ணி அதை மறைக்க எங்களை அவசரப்படுத்தற கப்பலும் உண்டு. ஸ்டைரீன் மாதிரி மோனோமரை முதல்ல குளிர்ந்த தண்ணியில கழுவணும், சுடு தண்ணி விட்டா சுவத்துலயே கெட்டியாயிடும். ஆளி விதை எண்ணெய் மாதிரிக் காயற எண்ணெயும் அப்படித்தான். டிடிஐங்கற கெமிக்கலுக்குத் தண்ணியே ஆகாது, கரைப்பான்தான். இதுல தப்பினா அப்புறம் ஆளை உள்ள இறக்கிச் சுரண்டச் சொல்வாங்க. அங்கதான் ஆபத்து தொடங்குது.

பழைய_சீஃப்மேட்:

லேப் ஆளுக்கு நன்றி, இப்படிச் சொல்ற சர்வேயர் எல்லா இடத்துலயும் கிடைக்க மாட்டார்.

தம்பி, இறங்கறதுக்கு முன்னாடி என்ன இருக்கணும்னா: ஆக்சிஜன் 20.9, எல்இஎல் 1 சதவீதத்துக்குக் கீழ, அந்த டேங்க்ல கடைசியா இருந்த கார்கோவோட விஷ அளவு அனுமதிச்ச வரம்புக்குள்ள. மேல, நடுவுல, அடியில மூணு இடத்துலயும் எடுக்கணும், ஒவ்வொண்ணும் எந்த நேரத்துல எடுத்தோம்னு எழுதணும். எடுக்கும்போது ஃபேனை நிறுத்தி கொஞ்ச நேரம் காத்து அடங்கணும், இல்லைன்னா புதுக் காத்தோட அளவுதான் வரும். உள்ள ஆள் இருக்கற வரைக்கும் ஃபேன் திரும்ப ஓடணும். ஹேட்ச் வாயில ஒருத்தன் ரேடியோவோட நிக்கணும், அவனுக்கு வேற வேலை கிடையாது.

நைட்ரஜன் போட்ட டேங்குனா ஹேட்ச் வாய்க்கு மேல தலையை நீட்டிக்கூடப் பாக்காதே. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, மூச்சுத் திணறலும் தெரியாது. நினைவு தப்பறதுக்கு ரெண்டு மூச்சு போதும்.

யாராவது உள்ள விழுந்துட்டா உன் உடம்பு பாட்டுக்கு ஏணியில இறங்கப் பாக்கும். இறங்காதே. முதல்ல அலாரம், அப்புறம் பிஏ செட் (காத்து சிலிண்டரோட மூச்சுக் கருவி) போட்ட டீம். உள்ள விழுந்தவனைத் தூக்கப் போய்ப் பக்கத்துலயே விழுந்தவங்க கதை இந்தத் தொழில்ல ரொம்ப உண்டு. சோலாஸ்ல (கடல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை எண்ட்ரி, ரெஸ்க்யூ ட்ரில் கட்டாயம் ஆக்கினதே அதுக்குத்தான். ட்ரில்லை ஃபோட்டோவுக்காகப் பண்ணாம, நிஜமா ஒரு டம்மியை ட்ரைபாட்ல கட்டி அடியில இருந்து தூக்கிப் பாருங்க. உங்க கப்பல் ஹேட்ச்ல பிஏ செட்டோட ஆள் நுழைய முடியுமான்னு அன்னைக்குத்தான் தெரியும்.

நீ என்ன சொல்லணும்னு கேட்டியே. "பர்மிட்ல கையெழுத்து வரலை சார், உள்ள விட முடியாது." இவ்வளவுதான். குரலை உசத்த வேணாம், வாதாடவும் வேணாம். அதுக்கு மேல கேட்டா என்னை மாதிரி ஆளைக் கூப்பிடு. சீஃப் ஆபீசர் தூங்கறார்னு தயங்காதே, அதுக்குத்தான் அவருக்குச் சம்பளம்.

ஏறினதும் ஸ்டைரீன் டேங்குக்குப் பக்கத்து டேங்க்ல என்ன போட்டிருக்காங்கன்னு பாத்துட்டு எழுது. சூடாக்கற கார்கோன்னா அன்னைக்கே உங்க சீஃப் ஆபீசர்கிட்டயும் சொல்லிடு.